பேட்மேன் இசை நாடகம் ஏன் மேடையேறவில்லை?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஜிம் ஸ்டைன்மேன் இசையமைக்க, டிம் பர்ட்டன் இயக்க, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஒரு பேட்மேன் இசை நாடகம் வரப்போவதாக 2002ஆம் ஆண்டில் செய்தி வந்ததே, அது என்ன ஆயிற்று என்பது ஒன்று. முகமூடியும் மேலங்கியும் அணிந்த ஒருவன் மேடையில் நின்று பாடினால் கூட்டம் சிரித்துவிடும் என்று பயந்துதானே கைவிட்டிருப்பார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விவரமாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் உள்ள ஊகத்தை நான் ஏற்கவில்லை. அந்த நாடகம் நின்றுபோனதற்குக் காரணம் பேட்மேன் பாடுவது என்ற எண்ணம் அன்று. அதே இசையமைப்பாளரின் வேறொரு நாடகம் அடைந்த தோல்வியும், நாடகத்தைத் திட்டமிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் திரைப்படப் பிரிவு எடுத்த ஒரு முடிவும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்ததுதான் காரணம் என்று நான் கருதுகிறேன். அந்த மாதம் 2003ஆம் ஆண்டின் ஜனவரி.

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு இந்த ஆசை வந்த சூழலை முதலில் பார்க்க வேண்டும். டிஸ்னி நிறுவனம் தன் கார்ட்டூன் படங்களான ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’டை 1994இலும் ‘தி லயன் கிங்’கை 1997இலும் பிராட்வே மேடையில் ஏற்றியது. திரைப்பட நிறுவனங்கள் தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கதாபாத்திரங்களை மேடையில் இன்னொரு முறை விற்கலாம், அதுவும் பல ஆண்டுகள் தொடர்ந்து விற்கலாம் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. வார்னரிடம் பேட்மேன் இருந்தான். ஆனால் 1997இல் வெளியான ‘பேட்மேன் அண்ட் ராபின்’ படம் விமர்சகர்களிடமும் ரசிகர்களிடமும் கடுமையாக அடிபட்டதால், படவரிசை அத்தோடு நின்றுபோயிருந்தது. திரையில் வெறுமையாகக் கிடந்த ஒரு பாத்திரத்தை மேடையில் எழுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு அந்த இடைவெளியில்தான் பொருந்தி வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடைவெளி மூடியபோது நாடகத்துக்கும் இடம் இல்லாமல் போயிற்று.

ஸ்டைன்மேனைத் தேர்ந்தெடுத்தது தற்செயலானதன்று. 1977இல் ராக் பாடகர் மீட் லோஃப் பாடிய ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ இசைத்தொகுப்பின் பாடல்களை எழுதியவர் அவர். 1983இல் பானி டைலர் பாடிய ‘டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்’ பாடலும், 1993இல் மீட் லோஃபை மறுபடியும் உலகெங்கும் முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘ஐ’ட் டூ எனிதிங் ஃபார் லவ்’ பாடலும் அவருடையவை. ராக் இசையில் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஓபெராவைக் கேட்பதுபோல் இருக்கிறது என்று அவர் பாடல்களைப் பற்றிப் பலரும் சொல்வதுண்டு. பியானோவில் மெதுவாகத் தொடங்கி, கோரஸ் சேர்ந்து, எட்டு ஒன்பது நிமிடங்கள் ஏறிக்கொண்டே போகும் பாடல்கள். வானொலிக்கு அவை நீளம். மேடைக்கு அதுவே அளவு. உண்மையில் அவர் மேடையிலிருந்து வந்தவர்தான். 1969இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி மாணவராக இருந்தபோதே ‘தி டிரீம் எஞ்சின்’ என்ற இசை நாடகத்தை எழுதி அரங்கேற்றினார். இசை நாடக இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பருக்காக ‘விசில் டவுன் தி விண்ட்’ நாடகத்தின் பாடல் வரிகளை எழுதினார். 1997இல் வியன்னாவின் ரைமுண்ட் அரங்கில் ரோமன் போலன்ஸ்கி இயக்கிய ‘டான்ஸ் டெர் வாம்பைர’ என்ற ரத்தக்காட்டேரி நாடகத்துக்கு இசையமைத்தார். இந்தக் கடைசி நாடகம்தான் பின்னால் பேட்மேனின் தலையெழுத்தை மாற்றியது.

ஆனால் ஸ்டைன்மேன் பேட்மேனுக்குப் பொருந்தியதற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். 1970களில் அவர் பீட்டர் பான் கதையை அடிப்படையாக வைத்து, வளரவே வளராத இளைஞர்களைப் பற்றிய ‘நெவர்லேண்ட்’ என்ற இசை நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தார். அது முழு நாடகமாக நிலைபெறவில்லை. அதன் பாடல்கள் சிலவற்றிலிருந்துதான் ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ தொகுப்பு உருவாயிற்று. வயதேறாமல் ஒரே கணத்தில் உறைந்துபோன மனிதர்கள் என்ற கருவை அவர் வாழ்நாள் முழுதும் விடவே இல்லை. புரூஸ் வேய்ன் யார் என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வயதுப் பையனாக, ஒரு சந்தில், தன் கண்ணெதிரே தாயும் தந்தையும் சுடப்பட்டு விழுவதைப் பார்த்தவன். அவன் உடல் வளர்ந்தது, செல்வம் வளர்ந்தது, ஆயுதங்கள் குவிந்தன. ஆனால் உள்ளே அந்தப் பையன் அந்தச் சந்திலேயே நின்றுகொண்டிருக்கிறான். வளர மறுப்பவன் பீட்டர் பான் என்றால், வளர முடியாமல் போனவன் பேட்மேன். ஸ்டைன்மேன் இந்த நாடகத்துக்காக எழுதிய உச்சகட்டப் பாடலின் தலைப்பு ‘வீ’ர் ஸ்டில் த சில்ட்ரன் வீ ஒன்ஸ் வேர்’; அன்று இருந்த குழந்தைகளாகவே இன்றும் இருக்கிறோம் என்று பொருள். அந்தப் பாடலில் நாயகன் மட்டுமல்லாமல் முக்கியப் பாத்திரங்கள் அனைவருமே தங்கள் பழைய காயங்களோடு ஒருவர் முன் ஒருவர் வந்து நிற்கிறார்கள். நாயகனையும் அவன் எதிரிகளையும் ஒரே காயத்தால் இணைத்துக் காட்டுவது படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் நடந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகக் குரல்களை அடுக்கி அதைச் சொல்வது இசை மேடைக்கு மட்டுமே இயலும். இந்த ஒரு பாடலுக்காகவே அந்த நாடகம் நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வசன வடிவத்தை எழுத அமர்த்தப்பட்டவர் நாடகாசிரியர் டேவிட் ஐவ்ஸ். குறுநாடகங்களால் பெயர் பெற்றவர். இயக்குநராக டிம் பர்ட்டனின் பெயர் சேர்ந்ததும் திட்டத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. 1989இலும் 1992இலும் வந்த முதல் இரண்டு பேட்மேன் படங்களை இயக்கியவர் அவர்தான். புகை படிந்த கோபுரங்களும் கல் பூதங்களும் நிறைந்த, பேட்மேன் வாழும் கோதம் நகரத்தை மக்கள் மனத்தில் பதித்தவரும் அவரே. தம் நாடகம் அந்த முதல் இரண்டு படங்களுக்கு நெருக்கமாக, இருளும் நகைச்சுவையும் கலந்து இருக்கும் என்று ஸ்டைன்மேன் பேட்டிகளில் சொன்னார். 2005ஆம் ஆண்டை இலக்காக வைத்து வேலை நடந்தது.

எழுதப்பட்ட பாடல்கள் பெரும்பாலும் மாதிரிப் பதிவுகளாகக் கிடைத்தவை; அவற்றில் சிலவற்றை ஸ்டைன்மேனே பின்னாளில் தம் இணையத்தளத்தில் வெளியிட்டார். பேட்மேனுக்கு ‘தி கிரேவ்யார்ட் ஷிஃப்ட்’. நள்ளிரவுப் பணி முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. இரவெல்லாம் ஊரைக் காப்பவனின் அலுப்பையும் கல்லறையின் நிழலையும் ஒரே தலைப்பில் பிடித்துவிட்டார். கேட்வுமனுக்குத் தனிப்பாடல் ஒன்று. பேட்மேனின் எதிரியான ஜோக்கருக்கு ‘வேர் டஸ் ஹீ கெட் ஆல் தோஸ் வொண்டர்ஃபுல் டாய்ஸ்’. 1989ஆம் ஆண்டுப் படத்தில் பேட்மேன் கயிற்றுக் கருவியோடு தப்பித்துப் போவதை அண்ணாந்து பார்த்து, இந்த அருமையான விளையாட்டுச் சாமான்கள் இவனுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன என்று ஜோக்கராக நடித்த ஜாக் நிக்கல்சன் பொறாமையோடு கேட்பாரே, அந்த வசனத்திலிருந்து பிறந்த பாடல். கோதம் நகரத்தின் ஊழல் பேர்வழிகளுக்கு ‘இன் தி லேண்ட் ஆஃப் தி பிக், தி புட்சர் இஸ் கிங்’. பன்றிகளின் நாட்டில் கசாப்புக்காரனே ராஜா.

இனி 2002ஆம் ஆண்டின் இறுதிக்கு வருவோம். வியன்னாவில் வெற்றி பெற்ற அந்த ரத்தக்காட்டேரி நாடகம் ‘டான்ஸ் ஆஃப் தி வேம்பயர்ஸ்’ என்ற பெயரில், மைக்கேல் கிராஃபர்டை நாயகனாகக் கொண்டு, பிராட்வேயின் மின்ஸ்காஃப் அரங்குக்கு வந்தது. ஆங்கில வடிவத்தின் வசனத்தில் பங்கு கொண்டவரும் டேவிட் ஐவ்ஸ்தான். ஐரோப்பாவில் இருண்ட காதல் கதையாக ஓடிய படைப்பு, நியூயார்க்கில் சிரிப்பு நாடகமாக உருமாற்றப்பட்டது. மெல் புரூக்ஸின் ‘தி புரொடியூசர்ஸ்’ 2001இல் பிராட்வேயைக் கலக்கியிருந்த நேரம் அது. எல்லோருக்கும் நகைச்சுவையே பாதுகாப்பான வழியாகத் தெரிந்தது. ஆனால் ஸ்டைன்மேனின் இசை துளியும் விளையாட்டில்லாத இசை. மேடையில் கேலி நடக்க, இசைக்குழு இறுதித் தீர்ப்பு நாளை முழங்கிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் எதை நம்புவார்கள்? படைப்பின் போக்கிலிருந்து ஸ்டைன்மேன் ஒதுக்கப்பட்டார். அந்த வடிவத்தைத் தம்முடையதென்று அவர் பின்னர் ஏற்கவும் இல்லை. டிசம்பர் 9 அன்று முறையாகத் திறக்கப்பட்ட நாடகத்தை விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள். ஐம்பத்தாறு காட்சிகளோடு 2003 ஜனவரி 25 அன்று திரை விழுந்தது. இழப்பு சுமார் 1.2 கோடி டாலர். அன்றைய பிராட்வே வரலாற்றின் மிகப் பெரிய நஷ்டங்களில் ஒன்று. அதே மின்ஸ்காஃப் அரங்கில்தான் 2006இலிருந்து ‘தி லயன் கிங்’ நடந்துவருகிறது.

அதே ஜனவரியில் வார்னரின் திரைப்படப் பிரிவு, புதிய பேட்மேன் படத்தை இயக்க கிறிஸ்டோபர் நோலனை ஒப்பந்தம் செய்தது. நோலன் எடுக்க நினைத்த பேட்மேன், எதார்த்தத்துக்குள் நிற்கும் பேட்மேன். ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு காரணம் சொல்லப்படும் பேட்மேன். ‘பேட்மேன் பிகின்ஸ்’ 2005 ஜூனில் வெளிவந்தது. ஒரே ஆண்டில் ஒரே நிறுவனம், திரையில் மண்ணில் கால்பதித்த ஒரு பேட்மேனையும், மேடையில் கல் பூதங்களுக்கு நடுவே உச்சஸ்தாயியில் பாடும் இன்னொரு பேட்மேனையும் வைத்திருந்தால், வெட்டி எறியப்படுவது எது என்பதில் சந்தேகமே இல்லை. 1997இல் சிரிப்புக்கு இடமான ஒரு பாத்திரத்தின் மரியாதையை மீட்க முனைந்திருந்த நிறுவனம், அப்போதுதான் பெருந்தோல்வி கண்ட இசையமைப்பாளரையும் வசனகர்த்தாவையும் நம்பிப் பல கோடி டாலரை மேடையில் இறக்கத் துணியவில்லை. பர்ட்டனும் வேறு படங்களுக்குப் போய்விட்டார். 2005இல் அவர் வார்னருக்குக் கொடுத்தவை ‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’யும் ‘கார்ப்ஸ் பிரைட்’டும்.

இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் ஓசையின்றியே சாகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பிராட்வேயில் ஒரு இசை நாடகம் பிறக்க ஐந்து ஆறு ஆண்டுகள் ஆவது சாதாரணம். முதலில் பாடல்களின் மாதிரிப் பதிவும் வசன வரைவும்; பிறகு நடிகர்கள் நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும் வாசிப்பு; பிறகு பயிலரங்கு; அதன்பின் வேறொரு நகரத்தில் வெள்ளோட்டம்; கடைசியில் நியூயார்க்கில் முன்னோட்டக் காட்சிகள், விமர்சகர்கள் வரும் தொடக்க நாள். ஒவ்வொரு படியிலும் செலவு முன்னதைவிடப் பன்மடங்கு ஏறும். ஆகவே ஆரம்பப் படிகளில் நிறுத்திக்கொள்வதற்கு யாரும் அறிக்கை விட வேண்டியதில்லை. அடுத்த காசோலையில் கையெழுத்திடாமல் இருந்தாலே போதும். பேட்மேனுக்கு அப்படித்தான் நடந்தது. வார்னரின் மேடைப் பிரிவு தன் முதல் படைப்பாக 2006 ஏப்ரலில் பிராட்வேயில் இறக்கியது எல்டன் ஜான் இசையமைத்த ‘லெஸ்டாட்’. இதுவும் ரத்தக்காட்டேரிக் கதைதான். முப்பத்தொன்பது காட்சிகளில் அது முடிந்துபோனது. ஸ்டைன்மேனைத் தவிர்த்ததால் அந்த நிறுவனம் தப்பித்துவிடவில்லை.

சூப்பர் ஹீரோ பாடினால் சிரிப்பார்களா என்ற கேள்விக்கு இரண்டு நாடகங்களே பதில் சொல்லும். 1966 மார்ச்சில், ஹெரால்ட் பிரின்ஸ் இயக்கத்தில், சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் இசையில் சூப்பர்மேன் பற்றிய இசை நாடகம் ஒன்று பிராட்வேயில் அரங்கேறியது. சிரிக்க வைப்பதே அதன் நோக்கம். அதில் அது தோற்கவும் இல்லை. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் தொடங்கியிருந்தது. அதே வகைக் கேலியைப் பணம் கொடுக்காமல் வீட்டிலேயே பார்க்க முடிந்த நேரத்தில் நாடகம் 129 காட்சிகளைத் தாண்டவில்லை. அதன் வசனத்தை எழுதிய டேவிட் நியூமனும் ராபர்ட் பென்டனும் பிற்பாடு 1978ஆம் ஆண்டுச் சூப்பர்மேன் திரைப்படத்தின் திரைக்கதையில் பங்கேற்றார்கள்.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’. யு2 குழுவின் போனோவும் எட்ஜும் இசை, ‘தி லயன் கிங்’கை இயக்கிய ஜூலி டேமோர் இயக்கம், 7.5 கோடி டாலர் செலவு. பிராட்வே அதுவரை கண்டிராத தொகை. 2010 நவம்பரில் தொடங்கிய முன்னோட்டக் காட்சிகள் 182 வரை நீண்டன. அந்த டிசம்பரில் ஒரு நடிகர் மேடை அமைப்பிலிருந்து கீழே விழுந்து படுகாயமடைந்தார். மறு மார்ச்சில் டேமோர் விலக்கப்பட்டார். 2011 ஜூனில் முறையாகத் தொடங்கி 2014 ஜனவரியில் பெருநஷ்டத்தோடு மூடப்பட்டது. ஆயிரம் காட்சிகளுக்கு மேல் ஓடியது; அரங்கு நிறைந்தே ஓடிய காலமும் அதற்குள் உண்டு. அங்கே மக்கள் பாட்டைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பாட்டு அவர்கள் மனத்தில் நிற்கவே இல்லை என்பதுதான் குறை. பணமும் உழைப்பும் கயிற்றில் பறப்பதற்கே போயிற்று. பறப்பதைத் திரைப்படம் எப்போதும் மேடையைவிட நன்றாகச் செய்யும். மேடையால் மட்டுமே முடிந்த காரியம், ஒரு மனிதனின் உள்ளே இருப்பதைக் குரலாக்கி ஆயிரம் பேர் முன்னால் உயிரோடு நிறுத்துவது. ஸ்டைன்மேன் விட்டுச்சென்ற பதிவுகளைக் கேட்கும்போது அவர் அந்தக் காரியத்தைத்தான் தொடங்கியிருந்தார் என்பது தெரிகிறது. அவருடைய பேட்மேனும் நஷ்டத்தில் மூழ்கியிருக்கலாம், பர்ட்டனின் கோதம் மேடையில் மலிவாக எழும்பக்கூடியதன்று. ஆனால் பாட்டில் குறை வந்திருக்காது.

அந்தப் பாடல்கள் பிறகு எங்கே போயின என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்டைன்மேன் எதையும் வீணாக்காதவர். ‘டோட்டல் எக்லிப்ஸ்’ பாடல் முதலில் ஒரு ரத்தக்காட்டேரி நாடகத்துக்காக அவர் மனத்தில் உருவானது. பாப் பாடலாக உலகைச் சுற்றிவிட்டு, வியன்னாவில் ரத்தக்காட்டேரிகளிடமே திரும்பி வந்தது. பேட்மேன் பாடல்களும் அந்த வழியையே பிடித்தன. பேட்மேன் என்ற பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. பெயரையோ கோதத்தையோ அங்கிருந்து வெளியே எடுத்துவர முடியாது. ஆனால் பன்றிகளின் நாட்டைப் பற்றிய பாடலில் பேட்மேனும் இல்லை, கோதமும் இல்லை. கனத்த மின்கிதாரும் அதன்மேல் அறைந்து இறங்கும் கோரஸும் ஊழல் நகரம் எதற்கும் பொருந்தும். அது 2006இல் மீட் லோஃபின் ‘பேட் அவுட் ஆஃப் ஹெல் III’ தொகுப்பில் இடம்பெற்றது. ‘கிரை டு ஹெவன்’ என்ற இன்னொரு பேட்மேன் பாடலும் அதே தொகுப்பில் வந்தது. ஜோக்கரின் விளையாட்டுச் சாமான் பாடலோ ஒரு திரைப்பட வசனத்தோடு பிறவியிலேயே ஒட்டியது. அதற்குக் கோதத்தை விட்டு வெளியேற வழியில்லை. அதனால் அது மாதிரிப் பதிவோடு நின்றுவிட்டது.

2017 பிப்ரவரியில் மான்செஸ்டர் ஆபெரா ஹவுஸில் ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ முழு இசை நாடகமாகவே மேடையேறியபோது வட்டம் மேலும் விரிந்தது. அப்சிடியன் என்ற சீரழிந்த நகரம், அதை ஆளும் கொடுங்கோலன் ஃபால்கோ, பதினெட்டு வயதுக்கு மேல் வளராத இளைஞர் கூட்டம். அதாவது 1970களின் நெவர்லேண்ட். பன்றிகளின் நாட்டுப் பாடல் அங்கே ஃபால்கோவின் வாய்க்கு வந்தது. கோதத்தின் ஊழல் பேர்வழிகளுக்காக எழுதியது அப்சிடியனின் சர்வாதிகாரிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பேட்மேனுக்காக எழுதப்பட்ட ‘நாட் அலவ்ட் டு லவ்’ பாடலை, அந்தக் கூட்டத்திலேயே இளையவனான டிங்க் பாடுகிறான். பீட்டர் பானின் டிங்கர் பெல்லிலிருந்து வந்த பெயர் அது. காதலிக்க அனுமதியில்லாதவன் என்று முகமூடிக்குள் இருப்பவன் பாட வேண்டியதை, வளர முடியாத ஒரு சிறுவன் பாடினான். ஸ்டைன்மேனுக்கு இரண்டு பேரும் ஒருவரே என்று நான் முன்னால் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்த நாடகத்தை இனி யாராவது எடுத்து நடத்த முடியுமா என்றால், நடைமுறையில் கடினம். ஸ்டைன்மேன் 2021 ஏப்ரலில் காலமானார். சிறந்த பாடல்களில் சில இன்று வேறொரு நாடகத்தின் உறுப்புகளாகிவிட்டன; அந்த நாடகம் பல நாடுகளில் மேடையேறியிருக்கிறது. வார்னர் இசைந்தாலும், ஒரே பாடலை இரண்டு மேடைகளில் இரண்டு பாத்திரங்கள் பாடுவதற்கு உரிமையாளர்கள் ஒப்ப வேண்டும். இருப்பதைக் கேட்க விரும்புகிறவர்கள் முதலில் ‘பேட் அவுட் ஆஃப் ஹெல் III’இல் உள்ள இரண்டு பாடல்களையும், பிறகு 2017ஆம் ஆண்டு நாடக நடிகர்கள் பாடிய இசைத்தொகுப்பையும், கடைசியாக மாதிரிப் பதிவுகளையும் கேட்பது நல்லது. மாதிரிப் பதிவுகளில் ‘வீ’ர் ஸ்டில் த சில்ட்ரன் வீ ஒன்ஸ் வேர்’ பாடலை மட்டும் பாதியில் நிறுத்தாமல் முழுவதுமாகக் கேளுங்கள்.